மின்னல் தாக்கியவரைத் தொடலாமா?

கேள்வி: இராமநாதபுரத்தில் ஒரு கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராக இருக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசியில் மாணவர்களைத் தனுஷ்கோடி சாலையில் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை நடைப்பயணமாக அழைத்துச் செல்வோம். சென்ற ஆண்டு வழியில் மழை பிடித்துக்கொண்டது. எங்களுக்குச் சற்றுத் தள்ளி வலையைச் சுருட்டிக்கொண்டிருந்த மீனவர் ஒருவர், மின்னல் விழுந்ததும் சாய்ந்துவிட்டார். உடம்பில் கரண்ட் இருக்கும் என்று பயந்து யாரும் அவரைத் தொடவில்லை. சற்று நேரத்தில் அவராகவே கண் விழித்தார். இரண்டு கால்களும் அசையாமல் சில்லிட்டிருந்தன, மாலைக்குள் சரியாகிவிட்டன. மார்பில் செடியின் கிளைகள் போலச் சிவந்த கோடுகள் தோன்றி மறுநாள் மறைந்தன. மருத்துவமனைக்கு அவர் போகவில்லை. இப்போது ஒரு காது சரியாகக் கேட்கவில்லை என்கிறார். இவற்றுக்கெல்லாம் காரணம் என்ன? இந்த ஆண்டு நாங்கள் எப்படிக் கவனமாக இருப்பது? செல்போன்களை அணைத்துவிட்டால் போதுமா? மின்னல் தாக்கியவரைத் தொடலாமா?

பதில்: நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் ஓர் உயிர் பிழைப்பதும் போவதும் பெரும்பாலும் அதைப் பொறுத்தே இருக்கிறது. தொடலாம், தொடத்தான் வேண்டும். மின்னல் ஒரு நொடியின் மிகச் சிறிய பகுதிக்குள் வந்து போய்விடுகிறது. தாக்கப்பட்டவரின் உடலில் மின்சாரம் சிறிதும் தங்குவதில்லை. அறுந்து விழுந்த மின்கம்பியில் சிக்கியவரைத் தொடக்கூடாது என்று நாம் சிறுவயதிலிருந்தே கேட்டு வருகிறோம். அது முற்றிலும் சரியான எச்சரிக்கை, ஏனெனில் அந்தக் கம்பியில் மின்சாரம் தொடர்ந்து வந்துகொண்டிருக்கும். மின்னல் தாக்கியவருக்கு அந்த எச்சரிக்கை பொருந்தாது. அங்கே தயங்கி நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் அவரிடமிருந்து பறிக்கப்படும் நிமிடம் என்பதை உங்கள் மாணவர்கள் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும்.

மின்னல் உடலைத் தாக்கும்போது இதயம் ஒரே கணத்தில் நின்றுபோகலாம். ஆனால் இதயத்துக்குத் தானாகவே மீண்டும் துடிக்கத் தொடங்கும் இயல்பு உண்டு. பலருக்கு அது விரைவிலேயே துடிக்கத் தொடங்கியும் விடுகிறது. மூச்சை இயக்கும் மூளைப்பகுதியோ அவ்வளவு விரைவாக மீள்வதில்லை. இதயம் துடிக்க, மூச்சு மட்டும் வராமல் இருக்கும் அந்த இடைவெளியில் இரத்தத்தில் பிராணவாயு குறைந்து, இதயம் இரண்டாவது முறையாக நிற்கிறது. இரண்டாவது முறை நின்ற இதயத்தை மீட்பது மிகவும் கடினம். அந்த இடைவெளியில் யாராவது ஒருவர் மூச்சுக் கொடுத்திருந்தால் எழுந்து உட்கார்ந்திருக்கக்கூடியவர், சுற்றிலும் பத்துப் பேர் நிற்கும்போதே இறந்துபோகிறார் என்பதுதான் ஒரு மருத்துவராக என்னை மிகவும் வருத்தும் செய்தி.

ஆகவே ஒருவர் சாய்ந்துவிட்டால், தோளைத் தட்டி அழைத்துப் பாருங்கள். மார்பு ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். அசைவும் இல்லை, மூச்சும் இல்லை என்றால் ஒருவர் 108-ஐ அழைக்க, மற்றொருவர் சி.பி.ஆர். முதலுதவியைத் தொடங்க வேண்டும். இளமணலில் அழுத்தினால் உடல் உள்ளே புதையுமே தவிர மார்பு அமுங்காது. அதனால் அவரை இறுகிய தரையிலோ தார்ச்சாலையிலோ மல்லாந்து படுக்க வையுங்கள். மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடிப்பகுதியை ஊன்றி, மற்றக் கையை அதன்மேல் வைத்து, முழங்கை மடியாமல், 5 சென்டிமீட்டருக்குக் குறையாமலும் 6 சென்டிமீட்டருக்கு மிகாமலும், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை என்ற வேகத்தில் அழுத்த வேண்டும். 30 அழுத்தங்களுக்கு ஒருமுறை, தலையைச் சற்றே பின்னுக்குச் சாய்த்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயோடு வாய் வைத்து இரண்டு முறை மூச்சு ஊத வேண்டும். வேறு காரணங்களால் இதயம் நின்றுபோகும்போது பயிற்சி இல்லாதவர்கள் அழுத்தினாலே போதும் என்று நாங்கள் சொல்வதுண்டு. மின்னல் தாக்குதலில் இதயம் மீண்ட பிறகும் மூச்சு தடைப்பட்டே இருக்கலாம் என்பதால் ஊதுவதையும் விட்டுவிடாதீர்கள். கண்ணின் பாவை விரிந்து அசையாமல் நிற்பதைப் பார்த்து, உயிர் போய்விட்டது என்று யாரேனும் சொன்னாலும் நிறுத்த வேண்டாம்; மின்னலுக்குப் பிறகு மூளை உயிரோடு இருக்கும்போதே பாவை அப்படி விரிந்து நிற்கக்கூடும்.

ஒரே மின்னலில் பலர் விழுந்துவிட்டால், சத்தமில்லாமல் கிடப்பவரிடம் முதலில் செல்லுங்கள். விபத்துகளில் நாங்கள் வழக்கமாகப் பின்பற்றும் வரிசைக்கு இது நேர்மாறானது. மின்னலைப் பொறுத்தவரை, முனகுபவரும் அழுபவரும் மூச்சு விடுகிறார்கள். அவர்கள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்கள். இறந்தவர் போலக் கிடப்பவரைத்தான் உங்கள் கைகள் திருப்பிக் கொண்டுவர முடியும். இடி தலைக்கு மேலேயே நிற்கிறது, வண்டியும் பக்கத்தில் இருக்கிறது என்றால், அவரைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்த் தொடருங்கள். ஒரே இடத்தில் மின்னல் இரண்டாவது முறை விழாது என்பது உண்மையன்று.

அந்த மீனவருக்கு வருகிறேன். கால்கள் அசையாமல் சில்லிட்டுப் போனது மின்னலுக்கே உரிய ஒரு தற்காலிக வாதம். இரத்தக்குழாய்களைக் கட்டுப்படுத்தும் நரம்புகள் திடீரென்று தூண்டப்பட்டு, குழாய்கள் இறுகிக்கொள்வதால், கால்கள் வெளிறி, நாடி கூடத் தட்டுப்படாமல் போகும். பெரும்பாலோருக்குச் சில மணி நேரத்தில் தானே விலகிவிடும். அந்த நேரத்தில் பார்ப்பவருக்கு அது தற்காலிகமானதா, தூக்கியெறியப்பட்டு முதுகெலும்பு முறிந்ததா என்று தெரியாது என்பதால், மருத்துவமனைக்குக் கொண்டு போவதே முறை. மார்பில் தோன்றிய கோடுகள் தீக்காயம் அல்ல. மின்னல் தோலின்மீது பரவியதன் தடம் அது; சில மணி நேரத்திலிருந்து ஓரிரு நாட்களுக்குள் மறையும், மருந்து எதுவும் தேவையில்லை. உண்மையான தீக்காயம் பெரும்பாலும் கழுத்துச் சங்கிலி, வெள்ளி அரைஞாண் போன்றவை உடலில் பட்ட இடத்தில்தான் ஏற்படுகிறது. நகை மின்னலை இழுப்பதில்லை. அந்தக் கணத்தில் சூடேறித் தோலைச் சுடுகிறது.

காது கேட்காமல் போனதை அவர் அலட்சியம் செய்யக்கூடாது. அருகில் விழும் மின்னலின் அதிர்வலை செவிப்பறையைக் கிழித்துவிடுவது மிகவும் சாதாரணமாக நிகழ்வது. கிழிந்த செவிப்பறை பல நேரங்களில் தானே மூடிக்கொள்ளும் என்றாலும், ஓராண்டாகியும் கேட்கவில்லை என்றால் அவர் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் கட்டாயம் காட்ட வேண்டும். அதுவரை காதில் எண்ணெயோ வேறு எதுவோ விடக்கூடாது. முங்கிக் குளிப்பதையும் கடலில் முழுகுவதையும் தவிர்க்க வேண்டும். கண்ணையும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளச் சொல்லுங்கள், ஏனென்றால் மின்னலால் வரும் கண்புரை சில நாட்களிலும் வரலாம், ஆண்டுகள் கழித்தும் வரலாம். தூக்கமின்மை, மறதி, முன்பில்லாத எரிச்சல், கைகால் மதமதப்பு ஆகியவை இருக்கின்றனவா என்று அவரை மட்டும் கேட்காமல் வீட்டாரையும் கேளுங்கள். உடனடி உதவி கிடைக்கும் நாடுகளின் பதிவுகளின்படி, மின்னல் தாக்கிய 100 பேரில் ஏறத்தாழ 90 பேர் பிழைத்துவிடுகிறார்கள்; ஆனால் அவர்களில் பலர் இத்தகைய தொல்லைகளோடு நெடுநாள் வாழ்கிறார்கள், அது மின்னலால் வந்தது என்று அறியாமலே.

இனி உங்கள் நடைப்பயணம். நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் பாதையின் இயல்பை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை ஏறத்தாழ 9 கிலோமீட்டர். ஒரு பக்கம் பெண்கடல் எனப்படும் பாக் விரிகுடா, மறுபக்கம் ஆண்கடல் எனப்படும் மன்னார் வளைகுடா, நடுவே ஒரு மணல்திட்டு. அதில் நிமிர்ந்து நடப்பவர்களே பல இடங்களில் மிக உயரமான பொருள். வழியிலுள்ள ஓலைக் கொட்டகைகளும், கடைகளின் தகரச் சாய்ப்புகளும், 1964 டிசம்பர் புயலில் சிதைந்து கூரையின்றி நிற்கும் தேவாலயச் சுவர்களும் மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்க உதவலாமே தவிர, மின்னலுக்குப் பாதுகாப்பு ஆகமாட்டா. மின்கம்பிகளும் தண்ணீர்க் குழாய்களும் பதிக்கப்பட்ட காங்கிரீட் கட்டடமும், மூடிய உலோகக் கூரை கொண்ட பேருந்து, வேன், கார் ஆகியவையும்தான் பாதுகாப்பானவை. ஆட்டோவும் இருசக்கர வண்டியும் இதில் சேராது.

ஆகையால் நான் வற்புறுத்திக் கேட்பது இது: மாணவர்கள் அனைவரும் ஏறக்கூடிய வண்டிகள் நடைப்பயணம் முழுவதும் உங்களைத் தொடர்ந்து வர வேண்டும். மணிக்கு 5 கிலோமீட்டர் நடப்பவர்கள் பாதி வழியில் இடியோசை கேட்டால், முன்னால் போனாலும் பின்னால் திரும்பினாலும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் மேகம் தலைக்கு மேல் வந்துவிடும். மின்னலுக்கும் இடிக்கும் இடையில் எண்ணும் நொடிகளை மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர் கணக்கில் தூரம் தெரியும் என்பது உண்மைதான். 30 நொடி என்றால் 10 கிலோமீட்டர். ஆனால் மழை பெய்யும் இடத்திலிருந்து 10 கிலோமீட்டருக்கு அப்பாலும் மின்னல் விழக்கூடும், அலையிரைச்சலும் காற்றும் உள்ள கரையில் தொலைவிலுள்ள இடி காதில் விழாமலே போகும். எனவே அங்கே எண்ணிக்கொண்டு நிற்க வேண்டாம். முதல் இடி கேட்டதும், அல்லது முதல் மின்னல் கண்ணில் பட்டதும், எல்லோரும் வண்டியில் ஏறி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, உலோகப் பகுதிகளைத் தொடாமல் அமர வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழிந்த பிறகே இறங்க வேண்டும். மழை விட்டதும் இறங்கி நடப்பவர்களே பல முறை தாக்கப்படுகிறார்கள்.

தண்ணீரில் கால் நனைத்து நிற்பவர்களையும், திறந்த வள்ளத்தில் இருப்பவர்களையும் முதலில் கரையேற்றுங்கள். நம் மாவட்டத்தில் எங்கும் நிற்கும் பனையின் அடியில் ஒதுங்குவதுதான் நான் மிகவும் அஞ்சும் பழக்கம். பனையில் விழும் மின்னல் அதன் உடலிலிருந்து பக்கத்தில் நிற்பவர் மீது தாவும்; தூரில் இறங்கித் தரை வழியாகவும் பரவும். ஒரு மரத்தடியில் அடைந்த ஆடுகள் மொத்தமாக இறந்து கிடப்பது அந்தத் தரைமின்னோட்டத்தால்தான்; மனிதர்களிலும் பெரும்பாலோர் நேரடியாக அல்லாமல் இப்படித்தான் தாக்கப்படுகிறார்கள். அதே காரணத்தால் தரையில் படுக்கவும் கூடாது. வண்டியோ கட்டடமோ எட்டாத நிலையில் மாட்டிக்கொண்டால், கூட்டமாக நிற்காமல் ஒருவருக்கொருவர் ஐம்பது அடியாவது விலகி, பாதுகாப்பான இடத்தை நோக்கி நடந்துகொண்டே இருங்கள். ஒருவர் விழுந்தால் உதவ மற்றவர்கள் எழுந்து நிற்பார்கள். பாதங்களைச் சேர்த்துக் குந்தியிருப்பதை ஒரு பாதுகாப்பாக நான் பரிந்துரைப்பதில்லை. அதனால் கிடைக்கும் பயன் மிகச் சிறிது.

செல்போனை அணைக்க வேண்டாம். அது மின்னலை ஈர்ப்பதில்லை. வீட்டில் சார்ஜர் வயரோடு இணைத்தபடி பேசுவதுதான் ஆபத்து. புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் தாமினி செயலி, 20 முதல் 40 கிலோமீட்டர் சுற்றளவில் விழும் மின்னலைக் குறித்து எச்சரிக்கும். கிளம்புவதற்கு முன்பும் வழியிலும் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழையில் நம் கரையோரத்தில் விடியற்காலையிலும் இடிமழை வருவதுண்டு என்பதால், காலையில் கிளம்பினால் தப்பலாம் என்ற எண்ணமும் வேண்டாம். முடியுமானால் பயணத்தை மாசி மாதத்துக்கு மாற்றிவிடுங்கள்.

எந்த மாதமானாலும், புறப்படுவதற்கு முன் மாணவர்கள் அனைவருக்கும் சி.பி.ஆர். பயிற்சி அளித்துவிடுங்கள், அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் கேட்டால் கற்றுக்கொடுக்க ஆள் கிடைக்கும். அந்தச் சாலையில் அடையாளம் சொல்லக் கட்டடங்கள் குறைவு. எனவே 108-ஐ அழைப்பவர், முகுந்தராயர் சத்திரத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர் தள்ளி நிற்கிறோம் என்பதை உடனே சொல்லும்படி, வழியெங்கும் ஒருவர் தூரத்தைக் குறித்துக்கொண்டே வரட்டும்.