கார்குடி தாண்டினால் காடு மாறும்

வாசகர் கேள்விகளுக்கு, முதுமலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற வனவர் ஒருவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: கூடலூரில் பேருந்து ஏறி மசினகுடியில் இறங்கினேன். மொத்தமே 25 கிலோமீட்டர்தான் இருக்கும். ஏறும்போது இருண்ட பச்சை, இறங்கும்போது முள்ளும் கள்ளியும். மரத்தை வெட்டித் தீர்த்ததால்தான் இப்படி ஆகிவிட்டதா?
– திருப்பூர் வாசகி

பதில்: ஜன்னலோரம் இடம் கிடைத்திருக்கிறது போல. வெட்டியது உண்மைதான். வெள்ளைக்காரன் காலத்திலேயே தேக்குக்காக வெட்டினார்கள், தேக்குத் தோட்டமும் போட்டார்கள். ஆனால் நீங்கள் பார்த்த மாற்றத்தில் கோடாலிக்குப் பங்கு குறைவு. மழைதான் காரணம்.

கூடலூர், தெப்பக்காடு, மசினகுடி மூன்றும் ஏறக்குறைய ஒரே உயரம். சுமார் 850 முதல் 1,100 மீட்டருக்குள் அடங்கிவிடும். தென்மேற்குப் பருவமேகம் வயநாட்டிலும் கூடலூரிலும் கொட்டிவிட்டு, கிழக்கே வரும்போது வெறுங்கையோடு வருகிறது. தெற்கே நீலகிரி முகடு வேறு சுவர் மாதிரி நிற்கிறது. முதுமலையின் மேற்கு ஓரத்தில் ஆண்டுக்குச் சுமார் 2,000 மில்லிமீட்டர் பெய்கிற மழை, கிழக்கு ஓரத்தில் 600 அளவுக்கு இறங்கிவிடுகிறது.

மொத்த மழை எவ்வளவு என்பதைவிட, சேர்ந்தாற்போல் எத்தனை மாதம் காய்கிறது என்பதுதான் மரத்துக்குப் பெரிய விஷயம். கிணறு வற்றும்போது மோட்டார் காற்றை இழுத்து நின்றுபோகுமே, அதேதான் மரத்துக்கும். வேருக்கு ஈரம் எட்டாமல் இலை மட்டும் உறிஞ்சிக்கொண்டே இருந்தால், தண்ணீர் ஏறும் குழாய்களுக்குள் காற்றுக்குமிழி புகுந்து அடைத்துவிடும். உயர்ந்த மரமும் அகன்ற இலையும் இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம்.

இதை ஒவ்வொரு மரமும் ஒவ்வொரு விதமாகச் சமாளிக்கிறது. மேற்கே ஈரம் நீடிப்பதால் பல மரங்கள் வருடம் முழுக்க இலையோடு நிற்கின்றன. கூடலூருக்கும் தெப்பக்காட்டுக்கும் நடுவே இருக்கிற கார்குடி பக்கம் தேக்கு, வெக்காலி, கருமருது எல்லாம் கோடை வந்ததும் இலையைக் கொட்டிவிட்டுச் சும்மா நிற்கும். ஒதியன் மரத்தைப் பாருங்கள். 'ஒதி பெருத்தால் உத்தரத்துக்கு ஆகுமா' என்று கேலி செய்கிறோம். உத்தரத்துக்கு உதவாத அந்த மெத்தென்ற கட்டையில்தான் அது தண்ணீரைச் சேர்த்து வைக்கிறது. மசினகுடி தாண்டி வெள்வேலம், இலந்தை, காரை, சதுரக்கள்ளி. இலை பொடிசு, அல்லது இலையே இல்லை. கள்ளி தனக்கு வேண்டிய உணவைத் தன் பச்சைத் தண்டிலேயே சமைத்துக்கொள்கிறது. அந்த வறட்சியில் ஒரு இலை போனால் மறு இலை விடுவது பெரிய செலவு. ஆடும் மானும் வாய் வைக்காமல் இருக்கத்தான் முள்.

இன்னொன்று. இத்தனையாவது கிலோமீட்டரில் ஒரு காடு முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று கோடு போட முடியாது. பேருந்தில் எல்லோரும் ஒரே நிறுத்தத்தில் இறங்குவதில்லையே. மரங்களும் அப்படித்தான். ஈட்டி மரமும் வெண்தேக்கும் முதலில் இறங்கிவிடும். வெக்காலி கடைசிவரை வரும், போகப் போகக் குட்டையாகிக்கொண்டே. மாயாற்றங்கரைக்குப் போனால் நான் சொன்ன கணக்கெல்லாம் பொய்த்துவிடும். சுற்றிலும் முள்காடு, கரையில் மட்டும் நீர்மருதும் நாவலும் புங்கனும் அண்ணாந்து பார்க்கிற உயரத்தில் நிற்கும். மேலே மழை இல்லாவிட்டால் என்ன, கீழே வேருக்குத் தண்ணீர் இருக்கிறது.

கேள்வி: மிகவும் வறண்ட காட்டில்தான் தீ அதிகம் பிடிக்கும், சரியா?
– மேட்டுப்பாளையம் வாசகர்

பதில்: நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படித்தான் நினைத்தேன். ஜனவரியில் தீத்தடுப்புக் கோடு வெட்டப் போனபோதுதான் புரிந்தது. அதிகம் எரிவது நடுவில் இருக்கிற இலையுதிர்காடு. மேற்கே ஈரம் இருப்பதால் தீ பரவாது. கிழக்கே முள்காட்டில் புல் திட்டுத் திட்டாகத்தான் இருக்கும், தீக்குத் தீனி போதாது. நடுவில் மட்டும் மழைக்கு ஆள் உயரம் புல் வளர்ந்து, பிப்ரவரியில் சருகோடு சேர்ந்து காய்ந்து கிடக்கும்.

ஆக, அங்கே தாகத்தைத் தாங்கினால் மட்டும் போதாது, நெருப்பையும் தாங்க வேண்டும். கருமருதின் பட்டை முதலைத்தோல் மாதிரி தடித்து வெடித்திருப்பது அதற்கு உதவும். தேக்கங்கன்று கருகினாலும் வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும். கார்குடி பக்கம் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தார் 1988 முதல் 50 ஹெக்டேரில் ஒவ்வொரு மரத்துக்கும் எண் போட்டு, செத்ததையும் பிழைத்ததையும் பதிந்து வருகிறார்கள். அதற்குள் இருப்பது சுமார் 70 வகை. மழை கூடுதலாகப் பெய்யும் பனாமா நாட்டில் இதே அளவு நிலத்தில் சுமார் 300 வகை. இரண்டு சோதனையிலும் தேறுவது கொஞ்சம் மரங்கள்தான்.

முதுமலை ஆய்வாளர்கள் கண்ட ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. பல மரங்கள் மழைக்குக் காத்திராமல், நல்ல கோடையிலேயே தளிர் விட்டுவிடுகின்றன. மழை வந்தால் கூடவே புழு பூச்சி வந்துவிடும். அதற்குள் இலையை முற்ற வைத்துக்கொள்கிற அவசரம்.

கேள்வி: மசினகுடி பக்கம் கொஞ்சம் நிலம் வாங்கியிருக்கிறேன். கூடலூர் நர்சரியிலிருந்து பலாக்கன்று கொண்டுபோய் நடலாமா?
– கோவை வாசகர்

பதில்: நான் பத்து நட்டேன். முதல் வருடம் வாளியில் தண்ணீர் சுமந்து ஊற்றினேன், தளதளவென்று வந்தன. அடுத்த கோடையில் எனக்கு வேறு இடத்தில் வேலை போட்டார்கள். ஒரு மாதம் கழித்து வந்து பார்த்தால் ஒன்பது சுள்ளி. குவார்ட்டர்ஸ் குளியலறைத் தண்ணீர் போகிற இடத்தில் இருந்த ஒன்று மட்டும் பிழைத்து, வளர்ந்து, காய்க்கவும் செய்தது. அந்த வருடமே யானை வந்து, மரத்தையும் குளியலறைச் சுவரையும் சேர்த்துச் சாய்த்துவிட்டுப் போனது.