செயற்கைக்கோள் இருக்கும்போது பனியாற்றைக் கண்காணிக்க ட்ரோன் எதற்கு?

"ட்ரோன் எல்லாம் சும்மா படம் காட்டத்தானே, செயற்கைக்கோளே போதாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆய்வுக்குத் தலைப்பு தேடும் மாணவர் என்று நினைக்கிறேன். வழிகாட்டி யாராவது இப்படிச் சொல்லியிருப்பார். என்னிடமும் இதையே சொன்னார்கள், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கீழே யாராவது சண்டைக்கு வருவார்கள். செயற்கைக்கோள் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. உலகத்தில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பனியாறுகள் இருக்கின்றன. அத்தனையையும் பார்க்க வானத்திலிருந்துதான் முடியும். ஆனால் இலவசமாகக் கிடைக்கும் சென்டினல்-2 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோளின் படத்தில் ஒரு புள்ளி 10 மீட்டர் அகலம். எங்களுக்கு வேண்டியது அந்தப் பத்து மீட்டருக்குள்தான் இருந்தது.

இமயமலையில் 5,000 மீட்டரை ஒட்டிய உயரத்தில், கற்கள் மூடிய ஒரு பனியாற்றில் வேலை செய்தேன். அதன் கீழ்ப்பகுதியைப் பார்த்தால் கல்குவாரி என்றுதான் நினைப்பீர்கள். கற்படலம் கனமாக இருக்கும் இடத்தில் வெயில் உள்ளே இறங்காது, அடியிலுள்ள பனிக்கட்டி தப்பித்துவிடும். நடுநடுவே மட்டும் செங்குத்தான பனிச்சுவர்கள் உண்டு. அந்தச் சரிவில் கல் நிற்காததால் பனிக்கட்டி அப்படியே வெளியே தெரியும். அழுக்குச் சாம்பல் நிறத்தில் முழுக்க ஈரமாக இருக்கும். வெயில் ஏறினால் மேல் விளிம்பிலிருந்து கல் உருண்டுகொண்டே இருக்கும், பக்கத்தில் போய் நிற்க முடியாது.

சிக்கலே இங்கேதான். பழைய முறையில் பனியில் துளை போட்டு மூங்கில் கழி நட்டு, அடுத்த முறை போகும்போது கழி எவ்வளவு வெளியே வந்திருக்கிறது என்று அளப்பார்கள். நல்ல முறைதான், இன்றும் அது இல்லாமல் முடியாது. ஆனால் கழியை ஆள் நிற்கக்கூடிய இடத்தில்தான் நட முடியும். ஆள் நிற்கக்கூடிய இடம் மெதுவாக உருகும் இடமாக இருந்தால் சராசரியும் அந்தப் பக்கமே சாயும்.

ட்ரோன் அந்தச் சுவரையும் விடாமல் படமெடுக்கும். ஒன்றன்மேல் ஒன்று முக்கால் பங்கு விழும்படி வரிசையாகப் படங்கள் எடுத்து, ஒரே கல் பல கோணங்களில் தெரிவதை வைத்து மென்பொருள் நிலத்தின் முப்பரிமாண உருவத்தைக் கட்டும். பருவமழைக்கு முன் ஒன்று, பின் ஒன்று. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் மாற்றம் தெரியும். எங்கள் வரைபடத்தில் கல் மூடிய பகுதி பெரிதாக மாறவில்லை, சுவர்கள் மட்டும் அடர் சிவப்பாக, அதாவது அதிகம் தாழ்ந்த இடங்களாக நின்றன. இது எங்களுடைய கண்டுபிடிப்பு என்று சொல்லவில்லை. 2013-இல் நேபாளத்தின் லாங்டாங் பள்ளத்தாக்கில், லிருங் பனியாற்றின் மேல் ஆய்வாளர் வால்டர் இம்மர்சீல் குழுவினர் மே மாதமும் அக்டோபர் மாதமும் ட்ரோன் பறக்கவிட்டுக் காட்டியதுதான்: சராசரித் தாழ்வு சுமார் 1 மீட்டர், ஆனால் பனிச்சுவர்களையும் மேற்பரப்புக் குளங்களையும் ஒட்டி அதைவிடப் பல மடங்கு.

உயரம் குறைந்ததெல்லாம் உருகியது ஆகாது, பனியாறு நகர்வதாலும் உயரம் மாறும் என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். சரிதான். அந்தத் திருத்தத்தையும் செய்துதான் ஆகவேண்டும். புதுப்பனி விழுந்த வெள்ளைப் பரப்பில் அடையாளம் எதுவும் இல்லாததால் இந்த முறை தடுமாறும் என்பதும் உண்மைதான்.

அப்புறம், பறக்கவிடுவதை எல்லோரும் பெரிதாகப் பேசுகிறார்கள். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 60 சதவீதம். இறக்கை வேகமாகச் சுழல வேண்டும், குளிரில் பேட்டரியும் சீக்கிரம் இறங்கிவிடும். ஜாக்கெட்டுக்குள் வைத்துச் சூடாக்கிக்கொண்டால் ஓரளவு சமாளிக்கலாம். உண்மையான உழைப்பு தரையில். படத்தில் தெரியும்படி துணிக் குறிகளைப் பரப்பி, ஒவ்வொன்றின் மேலும் டிஜிபிஎஸ் கருவியை (சாதாரண ஜிபிஎஸ்ஸைவிடத் துல்லியமானது) நிறுத்தி இடம் குறிக்க வேண்டும். அந்தக் கட்டுப்பாட்டுப் புள்ளிகள் சரியில்லை என்றால் வரைபடம் முழுவதும் சாய்ந்துவிடும்.

இதைச் சொல்லும்போது எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். அந்தக் கருவியையும் முக்காலியையும் மேலே தூக்கி வந்தவர்கள் உள்ளூர் போர்ட்டர்கள். எந்தப் பாறை அசையும், எந்த ஓடையை மதியத்துக்குள் கடந்துவிட வேண்டும் என்று சொன்னதும் அவர்கள்தான். அறிக்கையின் நன்றியுரையில் மென்பொருளின் பெயர் இருந்தது, அவர்களில் ஒருவர் பெயர்கூட இல்லை. சேர்க்கச் சொல்லிக் கேட்டேன். "அது வழக்கமில்லை" என்றார்கள். இன்றுவரை எனக்கு மனது ஆறவில்லை.

சரி, உங்கள் ஆய்வுக்கு வருகிறேன். முழுப் பனியாற்றையும் எடுக்க ஆசைப்படாதீர்கள். கல் மூடிய கீழ்ப்பகுதியை மட்டும் எடுங்கள், மற்றதைச் செயற்கைக்கோளுக்கு விடுங்கள். குறிகளில் சிலவற்றையாவது பனிக்கு வெளியே, அசையாத நிலத்தில் வையுங்கள். இந்தியப் பகுதி என்றால் 2021 ட்ரோன் விதிகளைப் படித்துவிட்டு, இடம் சிவப்பு மண்டலத்தில் வருகிறதா என்று தலைப்பை முடிவு செய்வதற்கு முன்பே பாருங்கள். அங்கே மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது.