தடுப்பூசி போட்ட அன்று இரவே காய்ச்சல் வருவது ஏன்?

மருந்து செய்யும் வேலையோடு சேர்ந்து வரும் தொந்தரவைத்தான் பக்கவிளைவு என்கிறோம். தடுப்பூசியில் அது பெரும்பாலும் கைவலி, காய்ச்சல், உடம்பு வலி, அசதி.

2021 ஜூனில் சேலத்தில் கோவிஷீல்டு என்ற கொரோனா தடுப்பூசியின் முதல் டோஸ் போட்டுக்கொண்டேன். அரை மணி நேரம் உட்காரவைத்து அனுப்பினார்கள். சாயங்காலம் வரை ஒன்றுமில்லை. இரவு பத்து மணிக்குக் குளிர் நடுக்கம். அந்தப் புழுக்கத்திலும் இரண்டு போர்வை போர்த்திக்கொண்டேன். இடது கையைத் தூக்கிச் சட்டை மாட்ட முடியவில்லை. அம்மா மிளகு ரசம் கொடுத்தார். பாராசிட்டமால் போட்டுத் தூங்கினேன். மறுநாள் மாலைக்குள் சரியாகிவிட்டது.

காரணம் இதுதான். தடுப்பூசி காட்டும் கிருமியின் அடையாளத்தைக் கண்டதும், உடம்பின் நோய் எதிர்ப்புச் செல்கள் ஒன்றையொன்று உஷார்ப்படுத்தச் சில ரசாயனங்களைச் சுரக்கின்றன. அவைதான் மூளை வழியாக உடல் சூட்டை ஏற்றுகின்றன, ஊசி போட்ட இடத்தை வீங்கவைக்கின்றன.

ஏற்காட்டில் காட்டெருமை எஸ்டேட்டுக்குள் இறங்கினால் ஒருவர் தகரத்தைத் தட்டுவார். மொத்த லைன் வீடுகளும் விழித்துக்கொள்ளும். அந்தச் சத்தம் காட்டெருமை போடுவதல்ல, நம் ஆட்கள் போடுவது. காய்ச்சலும் அப்படித்தான். தடுப்பூசியில் நோயைத் தரக்கூடிய கொரோனா கிருமி இல்லை.

ஆனால் மூச்சுத்திணறல், முகவீக்கம் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினாலோ, பிறகு கடும் தலைவலி வந்தாலோ மருத்துவரைப் பாருங்கள்.

அப்புறம், "எனக்குக் காய்ச்சலே வரவில்லை, ஊசி வேலை செய்யவில்லை போல" என்று பலர் கவலைப்படுகிறார்கள். அது தவறு, என் அக்காவுக்குக் கைவலிகூட வரவில்லை, சத்தமே இல்லாமலும் எதிர்ப்பு சக்தி உருவாகும்.