ஐந்தில் எதை டிக் அடிப்பது?

கேள்வி: அப்பாவுக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை நோய். போன முறை செக்கப்பில் ஒரு கேள்வித்தாள் கொடுத்தார்கள். மருந்து இல்லாவிட்டால் உடம்பு மோசமாகிவிடுமா, நாள்கணக்கில் சாப்பிடுவது கவலையாக இருக்கிறதா என்கிற மாதிரி வரிகள். எல்லாவற்றுக்கும் 'முழுக்கச் சரி' என்று டிக் அடித்துவிட்டார். வீட்டிலோ வாரத்தில் இரண்டு நாள் மாத்திரையை விட்டுவிடுகிறார். இப்படிக் கேட்டு என்ன பயன்?

பதில்: அப்பா சீக்கிரம் முடித்தால் போதும் என்று டிக் அடித்திருக்கலாம். ஆனால் உண்மையையே சொல்லியிருக்கவும் வாய்ப்பு உண்டு, அதைத்தான் நான் முதலில் யோசிப்பேன். மருந்து தேவை என்று மனதார ஒத்துக்கொண்டு, அதே மருந்தை நினைத்துப் பயப்படவும் செய்கிறவர்கள் ஏராளம். இந்த இரண்டையும் தனித்தனியாக அளக்க வேண்டும் என்பதுதான் ராபர்ட் ஹோர்ன் என்கிற ஆய்வாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் 1999-இல் வெளியிட்ட கேள்வித்தாளின் அடிப்படை. ஒருவர் சாப்பிடும் மருந்தைப் பற்றிய பகுதியில் 'தேவை'க்கு ஐந்து வரி, 'கவலை'க்கு ஐந்து வரி, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். தேவையிலிருந்து கவலையைக் கழித்தால் -20-க்கும் +20-க்கும் நடுவில் ஓர் எண் வரும்.

அந்த ஒற்றை எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. தேவை 23, கவலை 21 என்றால் மிச்சம் 2. தேவை 9, கவலை 7 என்றாலும் அதே 2. முதல் ஆள் தினமும் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு தவிக்கிறவர், இரண்டாமவர் அதைப் பற்றிப் பெரிதாக யோசிப்பதே இல்லை. இரண்டு பேருக்கும் ஒரே அறிவுரையைச் சொன்னால் எப்படிப் பலிக்கும்? உங்கள் அப்பா நிஜமாகவே எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டிருந்தால் அவர் முதல் வகை. மருந்தின் அவசியத்தை அவரிடம் மறுபடி விளக்க வேண்டாம், கவலை எதைப் பற்றி என்று கேளுங்கள். பெரும்பாலும் அதற்கு ஒரு காரணம் இருக்கும். ஒருநாள் ராத்திரி சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கி, சட்டை நனைய வியர்த்து, கை நடுங்கி எழுந்தவர், அப்புறம் யாரிடமும் சொல்லாமல் மருந்தைக் குறைத்துக்கொள்வார். அவரைத் திட்டிப் பிரயோஜனமில்லை. டாக்டரிடம் அதைச் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்ற வழி இருக்கிறது.

கேள்வி: மருந்து அவசியம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் கேள்வித்தாளில் 'உங்களால் முடியுமா' என்ற பகுதியில் என் மதிப்பெண் மிகக் குறைவு. எனக்கு மனவுறுதி இல்லையா?

பதில்: இல்லவே இல்லை. அது உங்கள் குணத்துக்குப் போட்ட மார்க் கிடையாது. உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் விளக்கிய சுயதிறன் என்பது, குறிப்பிட்ட ஒரு வேலையை, குறிப்பிட்ட ஒரு சூழலில் என்னால் செய்ய முடியும் என்கிற நினைப்பு. நடைப்பயிற்சியில் பத்துக்கு ஒன்பது போடுகிறவர் ஊசி போட்டுக்கொள்வதில் மூன்று போடலாம். ஒருமுறை ஓர் அம்மா ஊசி பற்றிய வரி வந்ததும் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் எழுதாமல் இருந்தார். என்னம்மா என்றேன். "வீட்டிலயா, வெளியிலயா? வீட்டில பத்து. நாலு பேர் இருக்கிற இடத்தில ரெண்டு" என்றார். அந்தத் தாளில் இருந்த எந்த வரியும் அவரிடமிருந்து இவ்வளவு தெளிவாக எதையும் வாங்கியிருக்காது.

நீங்கள் குறைவாகப் போட்ட வரிகளை எடுத்துப் பாருங்கள். ஒரு வரிக்குப் பத்துக்கு நாலு போட்டிருந்தால், ஏன் ரெண்டு போடவில்லை என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். உங்களால் ஏற்கெனவே முடிகிற ஏதோ ஒன்று அந்தப் பதிலில் வரும், அங்கிருந்து சின்னதாக ஒரு படி. பண்டூராவும் இதில் அதிகப் பலன் தருவதாகச் சொன்னது செய்து ஜெயித்த அனுபவத்தைத்தான், மற்றவர் தரும் ஊக்கத்தின் பலன் அதைவிடக் குறைவுதான்.

கேள்வி: ஆங்கிலக் கேள்வித்தாள் ஒன்றைத் தமிழாக்கி எங்கள் நோயாளிகள் குழுவில் பயன்படுத்தலாமா?

பதில்: முதலில் உருவாக்கியவர்களிடம் அனுமதி வாங்கிவிடுங்கள். அடுத்தது, 'நம்பிக்கை' என்ற சொல்லில் ஜாக்கிரதை. ஆங்கிலத்தில் பிலீஃப், கான்ஃபிடன்ஸ், டிரஸ்ட், ஹோப் என்று நாலு சொல்லால் சொல்வதை நாம் இந்த ஒன்றாலேயே சொல்லிவிடுகிறோம். 'இன்சுலின் போடுவதில் எனக்கு நம்பிக்கை இருக்கிறது' என்று எழுதினால், மருந்து வேலை செய்யும் என்கிறாரா, தன்னால் போட்டுக்கொள்ள முடியும் என்கிறாரா? நீங்கள் அளக்க வந்த இரண்டு விஷயமும் ஒரே வரியில் குழம்பிவிடும். 'என்னால் முடியும்', 'இது எனக்குத் தேவை' என்று பிரித்தே எழுதுங்கள். 'கஷ்டமில்லை' என்ற வரிக்குக் கீழே 'ஒத்துக்கொள்ளவில்லை' என்று ஒரு கட்டம் வைத்தால் படித்தவர்களே தடுமாறுவார்கள்.

மூலத்தைப் பார்க்காத ஒருவரை விட்டு உங்கள் தமிழை மறுபடி ஆங்கிலமாக்கச் சொல்லி, இரண்டையும் ஒப்பிடுங்கள். அப்புறம் குழுவில் நாலைந்து பேரிடம் ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்து, அதற்கு என்ன அர்த்தம் என்று சொந்த வார்த்தையில் சொல்லச் சொல்லுங்கள். அவர்கள் எங்கே நின்று யோசிக்கிறார்களோ, அந்த வரியைத் திருத்துங்கள்.