மழைக்கு முன் வணிகக் கட்டட மொட்டை மாடி: பூச்சு கடைசி வேலை

கேள்வி: வடபழனியில் மூன்று மாடி வணிகக் கட்டடம் வைத்திருக்கிறோம். கட்டி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. மொட்டை மாடி 50-க்கு 80 அடி, தட்டோடு பதித்தது. 4 அங்குல மழைநீர்க் குழாய்கள் நான்கு இருக்கின்றன. போன நவம்பரில் மேல்மாடி அலுவலகத்தில் சுவரோரமாகவும் ஏ.சி. அவுட்டோர் யூனிட்டுகளுக்குக் கீழேயும் ஒழுகியது. தட்டோட்டின் மேல் வெள்ளைப் பூச்சு அடித்தால் போதும் என்கிறார் ஒப்பந்ததாரர். அடிக்கலாமா?

பதில்: இப்போதைக்கு அடிக்க வேண்டாம். நீங்கள் சொல்லும் இரண்டு இடங்களுமே தளத்தின் நடுப்பரப்பைக் காட்டவில்லை. ஒன்று சுவரும் தளமும் சேரும் மூட்டு, இன்னொன்று ஏ.சி. ஸ்டாண்டுக்காகத் துளை போட்ட இடம். இவற்றைச் சரிசெய்யாமல், தண்ணீர் வடியவும் வழி செய்யாமல் மேலே என்ன அடித்தாலும் அது உப்பி உரிந்துவிடும். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். ஆகஸ்ட் கடைசியில் வேலையில் இறங்கினால்தான் செப்டம்பர் மாலை மழைகளுக்கு நடுவே முடிக்க முடியும்.

முதலில் குழாய்க் கணக்கு. உங்கள் மாடி ஏறக்குறைய 372 சதுர மீட்டர். மணிக்கு 100 மி.மீ. மழைக்கு ஒரு 4 அங்குலக் குழாய் சுமார் 43 சதுர மீட்டர் பரப்பின் தண்ணீரைத்தான் இறக்கும். நான்கும் சேர்ந்து 172. பாதிக்கும் குறைவு! மிச்சத் தண்ணீர் மேலேயே நின்று, மூட்டு வழியாக இறங்கப் பார்க்கும். 2015 டிசம்பர் 1-ஐ ஒட்டிய 24 மணி நேரத்தில் நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ. பெய்தது. உங்கள் மாடி அளவுக்கு அது ஒரு லட்சம் லிட்டருக்கு மேல்.

6 அங்குலக் குழாய் 4 அங்குலக் குழாயைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு இறக்கும். ஆகவே புதிதாக இரண்டு 6 அங்குலக் குழாய்கள் போடுங்கள், பழைய நான்கும் இருக்கட்டும். எங்கே போடுவது? ஒரு மழை நின்று இரண்டு மணி நேரம் கழித்து மேலே போய், எங்கெல்லாம் தண்ணீர் தேங்கி நிற்கிறதோ அங்கே சாக்பீஸால் கோடு போடுங்கள். பள்ளம் அங்கேதான் இருக்கிறது. குழாய் வாயும் அங்கே வர வேண்டும். வாட்டம், அதாவது தளத்தின் சரிவு, குறைந்தது நூற்றுக்கு ஒன்று இருக்க வேண்டும், அதாவது 30 அடிக்கு மூன்றரை அங்குலத்துக்குச் சற்று மேல். அது இல்லாத இடத்தில் தட்டோட்டைப் பெயர்த்து வாட்டத்தைத் திருத்தியே ஆக வேண்டும். பூச்சால் வாட்டம் வராது.

குழாய் வாயில் தட்டையான ஜாலி இருந்தால் கழற்றிவிட்டுக் குமிழ் வடிவ ஜாலி மாட்டுங்கள். தட்டை ஜாலியை ஒரே ஒரு பாலிதீன் பை மூடிவிடும். இதோடு, பாராபெட்டின் (மாடியைச் சுற்றியுள்ள கைப்பிடிச் சுவரின்) அடியில் 15 செ.மீ. அகலம், 10 செ.மீ. உயரத்தில் இரண்டு அவசர வழிகள் வெட்டுங்கள், அடிவிளிம்பு தளத்திலிருந்து 5 செ.மீ. மேலே இருக்கட்டும். குழாய்கள் அடைத்துக்கொண்டாலும் தண்ணீர் அதற்கு மேல் அதிகம் ஏறாது. வெளியே கொட்டும் இடத்தில் கடைகளின் போர்டோ மின்பெட்டியோ இருக்கக் கூடாது. ஒரு சதுர மீட்டரில் 10 செ.மீ. தண்ணீர் நின்றால் 100 கிலோ. உங்கள் மாடி முழுக்க நின்றால் 37 டன். ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்கு வழக்கமாகக் கணக்கிடும் பாரமே சதுர மீட்டருக்கு 150 கிலோதான்.

குழாயின் கீழ்முனையையும் விடாதீர்கள். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003-இல் கட்டாயமானதால் பெரும்பாலான கட்டடங்களில் குழாய் ஒரு வடிகட்டித் தொட்டிக்குப் போகும். அங்குள்ள மணலும் கூழாங்கல்லும் சேறாகிப் போனால் மேலே எத்தனை குழாய் போட்டும் பயனில்லை. மணலை மாற்றுங்கள், கல்லைக் கழுவிப் போடுங்கள். தொட்டி நிரம்பினால் வழிந்தோட மழைநீர் வடிகாலுக்குத் தனி வழி வேண்டும். பாதாளச் சாக்கடையில் இணைக்கவே வேண்டாம்.

அடுத்தது சுவரோரம். 80 அடி நீளக் கான்கிரீட் தளம் 25 டிகிரி சூடு மாறினால் சுமார் 6 மி.மீ. நீண்டு சுருங்கும். பாராபெட் அதே அளவு நகராது. வெயிலில் காய்ந்த தளத்தில் திடீரென மழை பெய்யும் ஒவ்வொரு முறையும் அந்த மூட்டு இழுபடுகிறது. வெறும் சிமெண்ட் பூசி அடைத்தால் மறு வருடமே பிளக்கும். விரிசலை 10 மி.மீ. அகலம், 10 மி.மீ. ஆழத்துக்கு 'வி' வடிவில் வெட்டி, தூசியை ஊதி எடுத்து, பி.யூ. (பாலியூரித்தேன்) சீலண்ட் நிரப்புங்கள். அதன் மேல் பாலிமர் கலந்த 1:4 சிமெண்ட் கலவையில் 5 செ.மீ. கோவிங் (மூலையை மூடும் சாய்வான பூச்சு) கட்டி, காய்ந்த பிறகு ஃபைபர் வலை வைத்து இரண்டு கோட் நீர்காப்புப் பூச்சு. இந்தப் பட்டை தளத்தில் ஒரு அடி, சுவரில் ஒரு அடி ஏற வேண்டும். பாராபெட்டின் தலைப்பகுதி உள்பக்கம் சாய்ந்திருக்கிறதா, அதில் வெடிப்பு உண்டா என்றும் பாருங்கள். அங்கே இறங்கும் தண்ணீரும் இதே சுவரில்தான் ஓதமாகத் தெரியும்.

ஏ.சி. விஷயம் கொஞ்சம் சிக்கல். தட்டோட்டுக்குக் கீழே சுமார் 3 அங்குலத்துக்கு செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த வெதரிங் கோர்ஸ் இருக்கும். ஒரு போல்ட் துளை வழியாக இறங்கும் தண்ணீர் அதில் பஞ்சில் ஊறுவதுபோல் ஊறிப் பரவி, பத்தடி தள்ளிக்கூட ஒழுகும். அதனால் ஒழுகும் இடத்துக்கு நேர் மேலே மட்டும் தேடாதீர்கள், சுற்றியுள்ள எல்லாத் துளைகளையும் பாருங்கள். போல்ட் அடித்த ஸ்டாண்டுகளைக் கழற்றி, துளைகளைச் சுருங்காத கிரவுட்டால் (துளைகளை நிரப்பும் கலவையால்) அடைத்துவிட்டு, ஸ்டாண்டை ரப்பர் பேட் வைத்த கனமான கான்கிரீட் கட்டைகளின் மேல் நிறுத்தி அவற்றோடு போல்ட் போடுவது நல்லது. செம்புக் குழாயும் கேபிளும் தளத்துக்குள் இறங்கும் இடத்தில் பி.வி.சி. ஸ்லீவ் (உறைக்குழாய்) 8 அங்குலம் மேலே எழும்பி, வாய் கீழ்நோக்கி வளைந்திருக்க வேண்டும். மாடியிலுள்ள தண்ணீர்த் தொட்டி வழியும் தண்ணீர் தட்டோட்டில் கொட்டினால் குழாய் வாய் வரை பைப் இழுத்துவிடுங்கள்.

தட்டோடுகளைக் கட்டையால் தட்டிப் பாருங்கள். வெற்றுச் சத்தம் வருபவற்றைப் பெயர்த்து மாற்றுங்கள். இணைப்புகளை 10 மி.மீ. ஆழம் சுரண்டி, பாலிமர் கலந்த கிரவுட்டால் பாயிண்டிங் செய்யுங்கள். உள்ளே கூரையில் கான்கிரீட் உதிர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தால் மட்டும் இந்த வரிசையை நிறுத்திவிட்டு, முதலில் கட்டமைப்புப் பொறியாளரை அழையுங்கள்.

இத்தனைக்கும் பிறகுதான் பூச்சு. ஒப்பந்ததாரர் சொல்லும் 'வெள்ளைப் பூச்சு' வெயிலைத் திருப்பும் கூல் பெயிண்டா, நீர்காப்பா என்று டப்பாவைப் பார்த்துக் கேளுங்கள். முதலாவது ஒழுகலை நிறுத்தாது. அக்ரிலிக் வகை தண்ணீர் தேங்கினால் இளகிவிடும், உங்கள் மாடிக்கு பி.யூ. வகையே பொருந்தும். அடிக்குமுன் ஒன்றரை அடிச் சதுரப் பாலிதீனை நான்கு பக்கமும் டேப் ஒட்டி 16 மணி நேரம் விடுங்கள். அடியில் நீர்த்துளி தெரிந்தால் தளம் இன்னும் காயவில்லை. அந்த ஈரத்தின் மேல் அடித்தால் வெயிலில் ஆவியாகிக் கொப்புளம் கிளம்பும். சதுர மீட்டருக்கு ஒன்றரை கிலோ என்று வைத்தாலும் உங்களுக்கு 20 கிலோ வாளி 28 தேவை. நிறுவனக் கையேட்டில் உள்ள அளவை ஒப்பந்தத்தில் எழுதி, காலி வாளிகளை எண்ணிப் பாருங்கள். திட்டமிட்டே மெல்லிசாக அடிப்பதுதான் இந்தத் தொழிலில் அதிகம் நடக்கும் ஏமாற்று.

மாடியில் தகரக் கொட்டகையோ விளம்பரப் பலகையோ இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சென்னைக்கு வடிவமைப்பில் எடுக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ. வாஷர் வெடித்த ஸ்குரூக்களை மாற்றுங்கள். கழன்று கிடக்கும் பொருள் எதையும் மேலே விடாதீர்கள்.

கடைசியாகத் தண்ணீர் கட்டிச் சோதனை. பகுதி பகுதியாக மண்வரப்புக் கட்டி, 5 செ.மீ.க்கு மேல் போகாமல் 48 மணி நேரம் நிறுத்தி, கீழே கூரையைப் பாருங்கள். கடைசித் தவணைப் பணத்தை இதற்குப் பிறகு கொடுப்பதாக முதலிலேயே பேசிவிடுங்கள். மழை தொடங்கியபின் வாரம் ஒருமுறையும், ஒவ்வொரு கனமழை எச்சரிக்கைக்கு முன்பும் ஜாலிகளைத் துடைக்க ஒருவரை நியமியுங்கள். மாடிக் கதவுச் சாவி ஒன்று இரவுக் காவலரிடம் இருக்கட்டும்.