விட்டுப்போன ஐந்து வாரங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஒன்றரை ஆண்டுகளாக ட்ரையத்லான் பயிற்சி செய்துவருகிறேன். ஸ்பிரிண்ட் எனப்படும் சிறிய தூரப் போட்டிகள் இரண்டை முடித்த தைரியத்தில், ஒன்றரை கிலோமீட்டர் நீச்சலும் 40 கிலோமீட்டர் சைக்கிளும் 10 கிலோமீட்டர் ஓட்டமும் கொண்ட ஒலிம்பிக் தூரத்துக்குப் பெயர் கொடுத்தேன். இடையில் தேர்வுகள் வந்ததால் ஐந்து வாரம் எதையும் தொடவில்லை. தேர்வு முடிந்த மறுநாளே பழைய அட்டவணையை எடுத்துக்கொண்டு, இழந்ததை ஈடுகட்ட வாரத்துக்கு ஓர் ஓட்டத்தைக் கூட்டினேன். முதல் பத்து நாள் பிரமாதமாகப் போனது. நான்காம் வாரத்தில் வலது முழங்காலுக்குக் கீழே வலி தொடங்கியது. எலும்பில் மெல்லிய விரிசல், ஆறு வாரம் ஓடக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். போட்டிக்குப் பத்து வாரம்தான் இருக்கிறது. நடுவில் ஆய்வேட்டையும் கொடுத்தாக வேண்டும். படிக்க உட்கார்ந்தால் பயிற்சி போகிறதே என்றிருக்கிறது, பயிற்சிக்குப் போனால் படிப்பு போகிறதே என்றிருக்கிறது. நீங்களும் படித்துக்கொண்டே இந்த விளையாட்டில் இருந்தவர் என்று எழுதியிருந்ததால் கேட்கிறேன்: ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டுமா?

க.

அன்புள்ள க.,

உங்கள் கடிதத்தில் ‘இழந்ததை ஈடுகட்ட’ என்று ஓரிடத்தில் வருகிறது. விரிசலின் தொடக்கம் அங்கேதான் என்று நினைக்கிறேன். தவறிய பயிற்சியைப் பாக்கியாக எழுதிவைத்து வட்டியோடு அடைக்கப் பார்க்கும் பழக்கம் நம்மில் பலருக்கும் உண்டு. உடலிடம் அப்படியொரு பேரேடு கிடையாது.

அந்த ஐந்து வாரத்தில் உண்மையில் என்ன போனது என்று பாருங்கள். உடற்பயிற்சி ஆய்வாளர் எட்வர்ட் காயில் குழுவினர் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், பல ஆண்டுகள் பயிற்சி செய்தவர்களை முற்றிலும் நிறுத்தச் சொல்லி அளந்தபோது, உடல் உச்சமாகப் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் அளவு மூன்று வாரத்தில் 7 சதவீதமும் பன்னிரண்டு வாரத்தில் 16 சதவீதமும் குறைந்திருந்தது. தொடக்க வாரங்களின் சரிவுக்குப் பெரும் காரணம் இரத்தத்தின் கன அளவு குறைந்து, ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தள்ளும் இரத்தம் குறைவதுதான். மீண்டும் தொடங்கினால் இரத்த அளவு விரைவாகவே ஏறிவிடும். ‘முதல் பத்து நாள் பிரமாதம்’ என்று நீங்கள் எழுதியிருப்பது அதைத்தான்.

எலும்பின் கதை வேறு. சுமை கூடும்போது உடல் முதலில் பழைய எலும்பை அரித்தெடுக்கிறது; அதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். பின்னர் அவ்விடத்தைப் புது எலும்பால் நிரப்பிக் கெட்டிப்படுத்தப் பல மாதங்கள் ஆகும். எடுத்தாயிற்று, இன்னும் நிரப்பவில்லை என்ற அந்த இடைவெளியில் எலும்பு முன்பிருந்ததைவிடப் பலவீனமாக இருக்கும். மூச்சு முழுதாகத் திரும்பி, ‘இன்னும் கொஞ்சம் ஓடலாமே’ என்று உங்களைத் தூண்டிக்கொண்டிருந்த மூன்றாம் நான்காம் வாரமும், எலும்பு மிகவும் இளைத்திருந்த வாரமும் ஒன்றாக வந்து விழுந்தன. ஐந்து வாரம் விட்டதால் வந்த காயம் இது என்று நான் சொல்லமாட்டேன். திரும்பி வந்த விதத்தால் வந்தது.

நான் மாலைக் கல்லூரியில் படித்த நாட்களில் எனக்கும் இதே இடத்தில் வலி வந்தது. அதிலிருந்து, காலையில் கட்டிலை விட்டு இறங்குமுன் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பின் உள்விளிம்பைக் கட்டைவிரலால் மேலிருந்து கீழாக அழுத்திக்கொண்டே போவது பழக்கமாகிவிட்டது. ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக நோவெடுத்தால், பெரும்பாலும் எலும்பை ஒட்டிய திசுக்களின் எரிச்சல். ஒரு நாணயத்தின் அகலத்தில், ஒரே இடத்தில், தொட்டதும் சுருக்கென்றால் அன்றைக்கு ஓட்டம் இல்லை, மருத்துவரிடம்தான் போக வேண்டும். ஓடத் தொடங்கியபின் வலி அடங்கிவிடுகிறதே என்று சமாதானம் சொல்லிக்கொள்ளவும் கூடாது. நான் சொல்லிக்கொண்டேன், இரண்டு மாதம் நொண்டினேன்.

படிப்பைப் பற்றி. தேர்வு வாரங்களில் முழுப் பயிற்சி அல்லது ஒன்றுமே இல்லை என்று இரண்டு வழிகளை மட்டும் நீங்கள் வைத்துக்கொண்டதாகத் தெரிகிறது. ராபர்ட் ஹிக்சன் 1981-இல் வெளியிட்ட ஆய்வில், வாரத்துக்கு ஆறு நாள் பயிற்சி செய்தவர்கள் அதை இரண்டு நாளாகக் குறைத்தும், அந்த இரண்டு நாளின் தீவிரத்தைக் குறைக்காததால், பதினைந்து வாரம்வரை தங்கள் ஆக்சிஜன் திறனை ஏறக்குறைய அப்படியே காத்துக்கொண்டார்கள். வாரத்துக்கு இரண்டு முறை நாற்பது நிமிடம் என்பது எந்தத் தேர்வையும் கெடுத்துவிடாது. அதில் ஒன்றில் சில நிமிடங்களாவது மெதுவாக ஓடியிருந்தால், கால் எலும்புக்கும் சுமை முற்றிலும் மறந்துபோயிருக்காது.

தூக்கத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். இரண்டையும் விடமாட்டேன் என்ற வீம்பில் நான் ஐந்து மணி நேரத் தூக்கத்தோடு ஒரு பருவம் முழுவதும் ஓட்டினேன். ஓட்டப் பயிற்சிக் குறிப்பேட்டில் ‘கால் கனம், கால் கனம்’ என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். பாடப்புத்தகத்திலோ ஒரே பத்திக்கு மூன்று நிறங்களில் அடிக்கோடு, மூன்று முறை படித்தும் மண்டையில் ஏறாததற்கு அத்தாட்சியாக. படித்தது நினைவில் படிவதும் தசை தன்னைச் செப்பனிடுவதும் பெரிதும் தூக்கத்தில்தான் நடக்கின்றன. (சைக்கிளை நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் ட்ரெயினர் கருவியில் மாட்டி, கைப்பிடியில் புத்தகத்தை விரித்துவைத்துப் படிக்கும் யோசனையும் எனக்கு வந்தது. வியர்வையில் புத்தகம் ஊறியதுதான் மிச்சம்.) எழுதும் வேலையைக் காலையில் முடித்துவிட்டுப் பயிற்சியை மாலைக்குத் தள்ளுங்கள், கடுமையான பயிற்சிக்குப் பின் வரும் மதிய நேரத்தில் ஆய்வேடு ஒரு வரிகூட நகராது.

இந்த ஆறு வாரத்தில் மருத்துவர் அனுமதித்தால் நீந்துங்கள். தொடைகளுக்கிடையே மிதவையைப் பிடித்துக்கொண்டு கைகளால் மட்டும் நீந்தலாம்; திரும்பும்போது வலது காலால் சுவரை உதைக்காதீர்கள். மிதவைப் பட்டை கட்டிக்கொண்டு ஆழமான தண்ணீரில் ஓடுவது சலிப்பூட்டும், ஆனால் கால் தரையில் மோதாது. சைக்கிளுக்கு அவரிடம் தனியாகக் கேளுங்கள்.

ஆறு வாரம் முடிந்ததும் நேராக ஓட்டத்துக்குப் போகவும் முடியாது. வலியில்லாமல் வேகமாக நடக்க வேண்டும், பிறகு நான்கு நிமிட நடைக்கு ஒரு நிமிட ஓட்டம் என்று ஒருநாள் விட்டு ஒருநாள் தொடங்க வேண்டும். மிஞ்சும் நான்கு வாரத்தில், சைக்கிளிலிருந்து இறங்கிய கால்களோடு 10 கிலோமீட்டர் ஓடும் நிலைக்கு வருவீர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆகவே படிப்பையும் விளையாட்டையும் விடவேண்டாம், இந்த ஒரு போட்டியை விடுங்கள். உங்கள் பதிவை, பகுதிகளை ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொள்ளும் தொடர் அணிக்கு மாற்றி நீச்சல் பகுதியை மட்டும் செய்ய முடியுமா, அல்லது அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று ஏற்பாட்டாளர்களுக்கு இன்றே எழுதுங்கள். இரண்டும் முடியாது என்றால், பதிவுக் கட்டணம் போனால் போகட்டும்.