பாதாம், முந்திரி வாங்க வசதியில்லாதவர்கள் மாலையில் எதைக் கொறிக்கலாம்? வேர்க்கடலை தின்றால் கொலஸ்ட்ரால் ஏறுமா?

ஏறாது. கொலஸ்ட்ரால் என்பது முட்டை, பால், இறைச்சி மாதிரி உணவுகளில் இருக்கும் சமாச்சாரம். கடலை எண்ணெய் பாக்கெட்டில் 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று கொட்டை எழுத்தில் போடுவது, தண்ணீர் பாட்டிலில் 'எலும்பு இல்லாதது' என்று போடுவது மாதிரிதான். வேர்க்கடலையில் கொழுப்பு நிறைய உண்டு, ஆனால் அதில் பெரும்பங்கு இதயத்துக்கு ஆகிற நிறைவுறாக் கொழுப்பு.

புரதத்தில் பாதாமை விட வேர்க்கடலை ஒரு படி மேலே. 100 கிராமில் வேர்க்கடலைக்குச் சுமார் 25 கிராம், பாதாமுக்கு 21, முந்திரிக்கு 18. வைட்டமின் ஈ, கால்சியம், நார்ச்சத்து மூன்றிலும் பாதாம் ஜெயிக்கும். அந்த வித்தியாசத்துக்காக அத்தனை மடங்கு விலை கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. கலோரி மட்டும் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான், ஒரு கைப்பிடிக்கு 170 போல வரும். டிவி பார்த்துக்கொண்டே கால் கிலோவைக் காலி செய்தால் பழி கடலை மேல் இல்லை.

எங்கள் விழுப்புரம் பக்கம் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்று பேர்; அதைப் பிடுங்குகிற சமயத்தில் பச்சைக் காயைத் தோலோடு உப்புப் போட்டு அவிப்போம். தண்ணீர் ஏறியிருப்பதால் அதே கையளவு வறுத்ததை விட கலோரி குறைவு, வயிறும் சீக்கிரம் நிறையும்.

கடலையில் கவனிக்க வேண்டியது பூஞ்சணம். ஈரத்தோடு மூட்டை கட்டிய கடலையில் அஃப்ளடாக்சின் என்ற நச்சு உண்டாகும். 1960-ல் இங்கிலாந்தில் லட்சம் வான்கோழிகள் செத்து விழுந்தபோதுதான் உலகம் இதைக் கண்டுபிடித்தது. அவற்றின் தீவனத்தில் பூஞ்சணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கு கலந்திருந்தது. வறுத்தாலும் இந்த நச்சு முழுதாகப் போகாது, நாள்பட உள்ளே போனால் கல்லீரலைக் கெடுக்கும். அதனால் சுருங்கியது, கறுத்தது, மக்கல் வாடை அடிப்பது எல்லாவற்றையும் பொறுக்கிப் போடுங்கள். வாயில் ஒன்று கசந்தால் நாம் என்ன செய்வோம்? முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கிவிட்டு, அடுத்த கடலையைப் போட்டு வாயைச் சரிக்கட்டுவோம். அப்படிச் செய்யாமல் துப்பிவிடுங்கள்.

தினசரிக்கு என் ஓட்டு சுண்டலுக்கு. எனக்குச் சர்க்கரை உண்டு. பஜ்ஜி, பிஸ்கட் மாதிரி இல்லாமல் கொண்டைக்கடலை மெதுவாகச் செரிப்பதால் சர்க்கரை குபீரென்று ஏறுவதில்லை, ராத்திரி வரை பசியும் தாங்குகிறது. வாயுத் தொல்லை உள்ளவர்கள் ராத்திரி ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். வாயுவைக் கிளப்பும் மாவுச்சத்தில் ஒரு பகுதி அந்தத் தண்ணீரோடு போய்விடும்.

மெரினாவில் தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல் விற்கிறார்களே, அந்த மாங்காய் வெறும் ருசிக்கு மட்டுமில்லை. பயறில் இருக்கும் இரும்புச்சத்து லேசில் உடம்பில் ஒட்டாது, கூடவே வைட்டமின் சி இருந்தால் ஒட்டும். வீட்டில் மாங்காய் இல்லையென்றால் எலுமிச்சை பிழியுங்கள், அதுவும் அடுப்பை அணைத்த பிறகு. சுண்டலோடு டீ குடிக்கிற பழக்கம் இருந்தால் ஒரு மணி நேரம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், டீ இரும்புச்சத்தைத் தடுக்கும்.

கடலைமிட்டாய் பற்றியும் யாராவது கேட்பீர்கள். கோவில்பட்டி மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, எனக்கும் உயிர். ஆனால் வெல்லமும் சர்க்கரைதான், என்னைப் போன்றவர்கள் ஒரு துண்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது. எண்ணெயில் பொரித்த மசாலாக் கடலை எப்போதாவது போதும்.

வீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்தால் முழுக் கடலையாகக் கொடுக்காதீர்கள். மூச்சுக்குழலில் சிக்கிக்கொள்ளும். பொடித்தோ விழுதாக அரைத்தோ கொடுங்கள்.